பொட்டெலும்பும் நம் சிரிப்பும்

மகனுக்கு,

சிரஞ்சீவி என்று தொடங்குவதுதான் வழக்கம். இன்று அந்தச் சொல் பேனாவை விட்டு இறங்க மறுக்கிறது. நீ நீண்ட காலம் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தோளில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கீழே போட்டுவிட்டவனுக்கு ஆயுசு குறைய என்ன காரணம் இருக்கிறது? பட்டணத்திலிருந்து நீ எழுதியதைக் கிடங்கில் ஆவாரம்பட்டை மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் பக்கத்து மூட்டையை ஓங்கி உதைத்தேன். பட்டை மூட்டை கல் மாதிரி இருக்கும் என்பது, வாழ்நாள் முழுக்கத் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பட்டை விற்றவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. கால் வீங்கிவிட்டது. உன் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "மூட்டை இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டாள். மூட்டை ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியவன் ஹாஸ்டலில் இருக்கிறான், அவன் கால் நன்றாக இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

டாக்டர் படிப்பு வேண்டாம், கிடங்கிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறாய். எனக்குப் பேசிய கலவை ஊர்ப் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறாய். போகிற போக்கில், வீட்டில் இருக்கும் மண்டையோட்டைப் பார்சலில் அனுப்புங்கள், கீழ் வகுப்புப் பையன் எவனுக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். கடையை மூடுகிறவன் கடைசியில் தராசைக் கொடுப்பதுபோல. படிப்பையும் பெண்ணையும் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்த மண்டையோட்டைப் பற்றிப் பேசுவோம். அதை வைத்து நீ சொன்னதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

அதை நீ முதல்முதலில் கொண்டுவந்தது ஒரு பிஸ்கோத்து டின்னில். டின்னைப் பார்த்ததும் பட்டணத்துப் பிஸ்கோத்து என்று உன் அம்மா ஆசையாகத் திறந்தாள். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடு கயிறு அறுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் செய்ததுதான் வேடிக்கை. பயம் தெளிந்ததும் அதைக் கையில் எடுத்து, "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லி நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். நீ பதறிப்போய், "அம்மா, அங்கதான் புருவமேடு இருக்குது, பூசினா தெரியாது" என்று துடைத்தாய். அவள் மறுபடி பூசினாள். அந்த லீவு முழுக்க நீ துடைப்பதும் அவள் பூசுவதுமாகப் போனது. நான் கடைத்தெருவில் போய், "என் மகன் பாதி டாக்டராகிவிட்டான், செத்தவனுக்கு வைத்தியம் பார்க்கும் பாதி முடிந்தது, இனி உயிரோடிருப்பவன் பாதிதான் பாக்கி" என்று சொல்லித் திரிந்தேன். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் அப்பா ஊமைபோல இருந்தவர்.

ஆனாலும் நீ பாடம் சொல்லும்போது நான் கிண்டல் பண்ணவில்லை. கிடங்கு வாசலில் வெயிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னதை, பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கேட்டேன். எட்டு எலும்பு சேர்ந்து மூளைக்குப் பெட்டி, பதினாலு எலும்பு சேர்ந்து முகம் என்றாய். அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான் என்றாய். "அப்படின்னா என் மண்டையில உழைக்கிறது அது ஒண்ணுதான்" என்றேன். நீ சிரித்தாய். எலும்புகள் கூடும் இடத்தில் பல் பல்லாகக் கோத்திருந்த தையலைக் காட்டினாய். குழந்தைக்கு அந்தத் தையல் மூடியிருக்காது, அதனால்தான் பிறக்கும்போது தலை கொஞ்சம் மடங்கிக் கொடுக்கிறது, உச்சிக்குழி துடிக்கிறது என்றாய். பேதியில் உடம்பு வற்றினால் அந்தக் குழி பள்ளமாகும், உள்ளே அழுத்தம் ஏறினால் புடைக்கும், கைவிரலாலேயே பாதி நோய் தெரியும் என்றாய். அடிப்பக்கத்தைத் திருப்பி, முதுகுத்தண்டு இறங்கும் பெரிய துளையைக் காட்டினாய். நடுவில் வௌவால்போலச் சிறகு விரித்திருந்த ஒரு எலும்பின் பெயரைச் சொன்னாய். அது என் நாக்கில் ஏறவில்லை, வௌவால் என்றே வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அதை வெயிலுக்கு நேரே பிடித்து அந்தத் துளை வழியாக உள்பக்கம் பார்க்கச் சொன்னாய். காதுக்கு முன்னால், கண்ணுக்குப் பின்னால், நெற்றிப்பொட்டு இடத்தில் மட்டும் வெளிச்சம் உள்ளே கசிந்தது. உச்சியெல்லாம் பானை ஓடுபோலத் தடித்திருக்க, அந்த இடம் அப்பளம்போல இருந்தது. நெற்றி எலும்பு, உச்சி எலும்பு, பொட்டெலும்பு, அந்த வௌவாலின் சிறகு நுனி, நாலும் அங்கே வந்து கூடுகின்றன என்றாய். உள்பக்கம் ஒரு வாய்க்கால், அரச இலை நரம்பு மாதிரி கிளை கிளையாக ஓடியிருந்தது. அதில்தான் ரத்தக்குழாய் படுத்திருக்கும் என்றாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு ஞாபகப்படுத்த.

"இங்க அடிபட்டா எலும்பு விரியும் நைனா, கூடவே அந்தக் குழாயும் கிழியும். ஆளு எழுந்து உக்காந்துப்பான். பேசுவான், சிரிப்பான். எல்லாரும் ஒண்ணுமில்லன்னு போய்டுவாங்க. உள்ள ரத்தம் எலும்புக்கும் மூளைமேல இருக்கற சவ்வுக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா சேரும். அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கம். அந்தத் தூக்கத்துல ஒரு கண்ணோட பாவை மட்டும் பெருசாய்டும்."

"அப்ப இன்னா பண்ணுவே?"

"எலும்புல துளை போட்டு ரத்தத்த எடுக்கணும். தூங்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்டணும் நைனா. தூங்க வுட்டா போச்சு."

தூங்க விட்டால் போச்சு. சொன்னவன் நீ. பட்டை விற்கிற எனக்கே அது மனப்பாடம்.

இப்போது கலவையிலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த நாளுக்கு வா. பெண்ணின் அப்பாவும் அவர் தம்பியும் வந்தார்கள். அந்த மனிதரை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது, ஏனென்றால் அவருக்கும் என்னைப்போலவே வாய். நிலக்கடலை விளைவிக்கிறவர், ஆனால் கதை விளைவிப்பதில் ஜாஸ்தி மகசூல். சும்மா வீட்டிலேயே உட்காரவைத்திருக்கலாம். எனக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. நாம் பட்டை கொடுக்கும் சாயபுவின் தோல் கொட்டகையைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன், நீயும் பின்னால் வந்தாய். புழுக்கத்துக்குச் சம்பந்தி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நீண்ட மூங்கில் கழியில் ஈரத்தோலைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் எங்களைத் தாண்டிப் போனான். "இந்தப் பக்கம் திருப்புப்பா, சம்பந்தி பாக்கட்டும்" என்று நான்தான் கூப்பிட்டேன். அவன் திரும்பினான். கழியும் திரும்பியது. அதன் வால் முனை அவருடைய இடது பொட்டில் போய் மோதியது.

அப்படியே பட்டைக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். கண் மூடியது, உடனே திறந்தது. எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, "சம்பந்தி, உங்க ஊர்ல வரவேற்பு கொஞ்சம் பலமா இருக்குது" என்றார். சாயபு சிரித்தார், கழிக்காரனும் பயம் தெளிந்து சிரித்தான். ரத்தம் இல்லை, ஒரு சின்ன வீக்கம்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தார்.

இலை போட்டோம். இரண்டு வாய் சாப்பிட்டவர், தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்துபோய்ப் புழக்கடையில் வாந்தி எடுத்தார். நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். வெளியூர்க்காரனுக்கு இங்கே எது வந்தாலும் தோல் நாற்றத்தின் தலையில் கட்டிவிடுவோம். சாப்பிடவில்லையென்றால் நாற்றம், தலைவலி என்றால் நாற்றம், வந்த மருமகள் பிறந்தவீட்டுக்குப் போய்விட்டாலும் நாற்றம். நானும் கட்டினேன். "கலவைக் காத்து குடிச்ச மூக்கு, ஆம்பூர்க் காத்துக்கு மரியாதை பண்ணுது" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னா நாத்தம் சம்பந்தி, இன்னா நாத்தம்" என்று கையை ஆட்டினார். வீடே சிரித்தது. அவர் தம்பி சிரித்தார். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

என் கோபம் அங்கேதான் நிற்கிறது. நாங்கள் சிரித்தது முட்டாள்கள் சிரித்த சிரிப்பு. நீ சிரிக்கும்போது உன் கண் அவருடைய இடது பொட்டின்மேல் இருந்தது. நான் பார்த்தேன். கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கட்டிலில் சாய்ந்தார். நீ வாசற்படி வரை வந்து பார்த்தாய், போனாய், மறுபடி வந்தாய். அவர் தம்பி கேட்டே விட்டார்: "மாப்ளே, நீங்கதான் டாக்டராச்சே, அண்ணன கொஞ்சம் பாருங்களேன்." நீ என்ன சொன்னாய்? "வெயில்தான் மாமா. நல்லா தூங்கட்டும்."

தூங்கட்டும். நீ. அந்த வாயால்.

தாம்பூலம் மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று சாயங்காலம் அவர் தம்பி போய் எழுப்பியபோது குறட்டைதான் வந்தது. உலுக்கினார். வலது கை கட்டிலிலிருந்து ஈரத்தோல்போல விழுந்து தொங்கியது. அப்போதுதான் நீ பாய்ந்து வந்து இமையைத் தூக்கினாய். இடது கண்ணின் பாவை பெரிதாகிக் கிடந்தது. நீ போட்ட கத்தலில் நான் முதலில் உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். சாயபு தன் மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அரே, பேஜாராப் போச்சே, ஏறுங்க, ஏறுங்க" என்று தானே அவரைத் தூக்கி உட்காரவைத்தார். வேலூர் போய்ச் சேரும்வரை நீ அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பைத் துளைத்து, பிறகு கொஞ்சம் வெட்டி எடுத்து, ஜெல்லிபோல உறைந்திருந்த ரத்தத்தை வாரினார்கள். உயிர் தப்பியது. மதியமே வந்திருந்தால் கையும் பேச்சும்கூடத் தப்பியிருக்கும் என்று அந்த டாக்டர் இங்கிலீஷில் சொன்னாராம். நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். சொல்லிவிட்டு மறுநாள் காலை வண்டியில் பட்டணத்துக்கு ஓடிவிட்டாய்.

இப்போது சாக்கு எழுதியிருக்கிறாய். நிச்சயமாகத் தெரியவில்லை, அதனால் பொறுத்துப் பார்த்தேன் என்கிறாய். நிச்சயமாகத் தெரிகிற நேரம் எது என்றும் நீதான் சொல்லித் தந்தாய்: கண் பாவை பெரிதாகும் நேரம். அதுவரை காத்திருப்பதற்கு டாக்டர் எதற்கு, அந்தக் கழிக்காரனே போதும். கட்டப்போகிற பெண்ணின் அப்பா, வயதில் பெரியவர், நாலு பேர் முன்னால் அவர் தலையில் கைவைத்து இமையைத் தூக்கினால் மரியாதையாக இருக்குமா என்று கேட்கிறாய். நல்ல நாளில் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் அபசகுனம் என்று சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தேன் என்கிறாய். இப்போது மரியாதை நன்றாக இருக்கிறதா? சகுனம் சுபமா?

கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறாய், காகிதம் கிழிந்திருக்கிறது. "சொல்லி, அது தவறாகப் போயிருந்தால், நீங்கள் ஒரு வருஷத்துக்குக் கடைத்தெருவில் அதைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்." உண்மை. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் சொல்லியிருப்பேன். வாந்தி எடுத்த சம்பந்தியை மோட்டாரில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோய் மண்டையைத் துளைக்கச் சொன்ன மாப்பிள்ளை என்று ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவன் ஏறுகிறவன் எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். உன் கல்யாணத்தில் சொல்லியிருப்பேன். உன் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது சொல்லியிருப்பேன். நீ ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாய். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பார், என்னைவிட நன்றாகவே அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அவ்வளவுதானே? என் கிண்டலுக்குப் பயந்து ஒரு மனிதனைத் தூங்கவிட்டேன் என்று எனக்கே எழுதுகிறாய். என்னைக் குத்தவேண்டுமென்றால் குத்து, எனக்குத் தோல் தடிமன். ஆனால் என் வாயைக் காட்டி நீ தப்பிக்காதே. கண் என்னுடையது இல்லை, உன்னுடையது.

நேற்று, சந்தையன்று, அவர் தம்பி கிடங்குக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்து, அடிக்கடி செய்கிறமாதிரி ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அண்ணன் எழுந்து நடக்குறாரு சம்பந்தி. வலது கை மட்டும் கம்மி. பேச்சுதான்..."

"வரலையா?"

"வருது. ஒரே வார்த்தைதான் வருது. நாத்தம்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"தண்ணி வேணும்னாலும் நாத்தம்ங்கறாரு. சோறு போட்டா நாத்தம். மாட்ட அவுத்துக் கட்டச் சொல்றதுக்கும் அதான். அவருக்கு அவரு என்னவோ ஒழுங்கா பேசற மாதிரிதான் இருக்குது போல. நாம முழிச்சா கோவம் வந்துடுது. அதுக்கும் நாத்தம்ங்கறாரு. பொண்ணு செண்பகத்த பேர் சொல்லிக் கூப்பிடறேன்னு வாயத் திறந்து நாத்தம் நாத்தம்னு கூப்பிடறாரு. அதுவும் ஏன்பான்னு ஓடி வருது."

என் கையில் தயாராக இருந்த கிண்டலை என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று நான் மூட்டிவிட்ட சிரிப்பில் அவர் கடைசியாகச் சொன்ன சொல் அது. வேறு எல்லாச் சொல்லும் போய்விட்டது, அது மட்டும் அவர் வாயில் தங்கிவிட்டது. இந்த வாய் இவ்வளவு காலமும் ஊரைச் சிரிக்கவைத்ததற்கு அந்தச் சொல்தான் மிச்சம்.

எழுந்து போகும்போது அவர், செண்பகம் சொல்லியனுப்பியதைச் சொன்னார். எலும்பு எடுத்த இடத்தில் மேலே தோல் மட்டும்தான் இருக்கிறதாம். குழந்தை உச்சி துடிப்பதுபோலத் துடிக்கிறதாம். முதலில் உள்வாங்கி இருந்தது, இரண்டு நாளாகச் சில நேரம் மேலே எழும்பித் தெரிகிறதாம். இருமும்போதுதான் அப்படியா, சும்மா இருக்கும்போதுமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே தண்ணீர் ஊற்றலாமா, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கலாம் என்று சொல்வதற்கு ஊரில் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்து வரச் சொன்ன நாள் இன்னும் தள்ளி இருக்கிறது. வேலூருக்கு மறுபடி வண்டியில் குலுக்கிக்கொண்டு போகலாமா கூடாதா என்பதும் தெரியவில்லை. "மாப்பிள்ளையா வரவேணாம், அந்தப் பேச்சே இப்ப வேணாம். டாக்டரா வந்து அப்பா தலையத் தொட்டுப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க." இதுதான் அவள் சொன்னது.

உச்சிக்குழி புடைத்தால் உள்ளே அழுத்தம் என்று நீ சொன்னது எனக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொன்னது பெரியவருக்கும் பொருந்துமா, இருமினால் எழும்புவது சகஜமா, விபரீதமா, எதுவும் எனக்குத் தெரியாது. அவர் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன சொல்வது? "வெயில்தான்" என்றா? "மகன் வருவான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு சொல்லும்படி நீ எதையும் விட்டுவைக்கவில்லை.

ஆகவே இதைக் கேள். கிடங்கில் உனக்கு இடமில்லை. இங்கே பட்டையை முகர்ந்தே பழையதா புதியதா என்று சொல்லவேண்டும், தவறாகப் போனால் சாயபு முகத்துக்கு நேரே சிரிப்பார். அதற்கும் உனக்குத் தைரியம் போதாது. பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பதா வேண்டாமா என்பதை உன்னிடமும் என்னிடமும் அவள் கேட்கவில்லை, அதை அவளே முடிவு செய்வாள். நீ அந்தப் பேச்சை வாயில் எடுக்காதே. இதைப் படித்ததும் ஹாஸ்டலில் சொல்லிக்கொண்டு ரயில் ஏறு. ஆம்பூர் வராதே, வந்தால் நான் கத்துவேன், உன் அம்மா சோறு போடுவாள், இரண்டும் வீண் தாமதம். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கு, ஆற்காடு போய் அங்கிருந்து கலவைக்கு வண்டி பிடி.

உள்ளே போனதும் யாருக்கும் சமாதானம் சொல்லாதே. கையைக் கழுவிக்கொண்டு நேரே அவரிடம் போ. பெரியவர், மாமனார், மரியாதை என்று தயங்கி நிற்காதே. அவர் தலையில் கை வை. அந்த இடத்தில் விரலை வைத்து, அது துடிக்கிறதா, புடைக்கிறதா, என்ன சொல்கிறது என்று பார். கெட்டது என்று பட்டால் கெட்டது என்று சொல், அப்போதே வேலூருக்குக் கிளப்பு. தவறாகப் போனால் போகட்டும், ஊர் சிரிக்கட்டும். நான் சிரிக்க மாட்டேன், அது ஒன்றுதான் இப்போது என்னால் கொடுக்க முடிவது. நல்லது என்று பட்டால் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் என்று சொல்லிக் கொடு, செண்பகம் என்று சொல்லிக் கொடு. திரும்பத் திரும்பச் சொன்னால் சொல் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாமே, அவள் தினமும் ஒருத்தியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

மண்டையோட்டைப் பார்சலில் அனுப்பமாட்டேன். கலவைக்குப் போய்விட்டு வந்து கேள், தருகிறேன். அதன் நெற்றியில் உன் அம்மா இன்று காலையும் விபூதி பூசியிருக்கிறாள். அவர் உன்னைப் பார்த்ததும் வாயைத் திறப்பார். என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். திட்டுகிறாரா, வா என்கிறாரா, தலை வலிக்கிறது என்கிறாரா என்று அவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடி.

உன் நைனா